குடிநீரும் நம் வீட்டுத் துணியும்

மழைக்காலம் தொடங்கி ஏரியும் குளமும் கிணறும் நிரம்புவதைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும் அதே மழைநீர் ஊர்ப்புறத்து அசுத்தங்களை எல்லாம் அடித்துக்கொண்டு வந்து குடிநீரிலும் சேர்த்துவிடுகின்றது. வாந்திபேதி, சீதபேதி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை ஆகிய நோய்கள் நீரின் வழியாகப் பரவுவன. நெசவாளர் வீட்டில் தறியில் அமர்பவர் ஒருவர், தார் சுற்றுபவர் ஒருவர், பாவுக்குத் துணை நிற்பவர் ஒருவர் என வேலை பிரிந்திருப்பதால், ஒருவர் படுத்தாலும் தறி நிற்கும். நடவு நாளில் படுத்த விவசாயியின் நிலையும் இதுவே. பெரியவர்களுக்கு இது ஒரு வாரக் கூலி இழப்பு. கைக்குழந்தைக்கோ உடம்பிலுள்ள நீர் வற்றி ஓரிரு நாளில் உயிருக்கே கேடாகலாம். ஆகவே வீட்டிலேயே குடிநீரைச் சுத்தம் செய்துகொள்ளும் முறைகளை இவ்விதழில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஓர் எண்ணத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். தெளிந்த நீர் யாவும் நல்ல நீர் என்பதே அது. கண்ணாடி போன்று தெளிந்து, சுவையும் குளிர்ச்சியும் பொருந்திய கிணற்று நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றைக் கண்ணால் காண இயலாது, நாவால் அறியவும் இயலாது.

நோய் நீரின் வழியே வருகின்றது என்பதை உலகம் ஐயமின்றி அறிந்துகொண்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் நடந்தது. எல்பி ஆற்றங்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்னும் இரு நகரங்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. இரண்டும் அவ்வாற்று நீரையே குடித்தன. ஹாம்பர்க் நகரம் ஆற்று நீரை வடிகட்டாமல் வீடுகளுக்கு அனுப்பியது. ஆல்டோனா நகரமோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹாம்பர்க் நகரத்துக் கழிவு கலந்த நீரையே எடுத்தது. ஆயினும் மணற்படுகைகளில் வடிகட்டிய பிறகே மக்களுக்கு வழங்கியது. அவ்வாண்டு காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் அவ்வாறு பரவவில்லை. ஒரே காற்று, ஒரே ஆறு, அடுத்தடுத்த தெருக்கள். வடிகட்டியதும் வடிகட்டாததுமே வேற்றுமை.

வடிகட்டுதல் என்றதும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி சிறப்பாக உவப்பளிக்கும். வங்காள தேசத்துச் சிற்றூர்களில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் அப்படியே குடிக்கும் மக்கள் பலர். காலராக் கிருமிகள் நீரில் தனித்துத் திரிவதோடு, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் மேல் கூட்டங் கூட்டமாக ஒட்டிக்கொண்டும் வாழ்கின்றன. அப்பூச்சியைத் தடுத்தால் கிருமிகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாமே என்று ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிஞர் கருதினார். அவரும் அவர்தம் குழுவினரும் வீட்டுப் பெண்டிர் உடுத்துப் பழசான பருத்திப் புடைவையையே பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் முகக்கச் செய்தனர். 65 ஊர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே இது நடைபெற்றது. புடைவையால் வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது என்பதை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதில் நெசவாளர் நயந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. புதுப் புடைவையைக் காட்டிலும் பழம் புடைவையே இவ்வேலைக்கு ஏற்றதாயிருந்தது. காரணம் நாம் அறிந்ததே. துவைக்கத் துவைக்க நூல் இளகிப் பஞ்சு பிரிகின்றது. பிரிந்த பஞ்சு இழைகளுக்கு இடையிலுள்ள கண்களை நெருக்கிவிடுகின்றது. நான்கு முதல் எட்டு மடிப்பாக்கினால் அக்கண்களின் அளவு ஏறத்தாழ 20 மைக்ரான் ஆகின்றது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர் என்றால் அந்நுண்மையை உணரலாம். விலைபோகாத கந்தல் என்று ஒதுக்கிய துணிக்கு இப்படியும் ஒரு மதிப்பு வந்து வாய்த்தது!

நரம்புச் சிலந்தி நோயை நம் நாட்டிலிருந்து ஓட்டியதிலும் துணிக்குப் பங்குண்டு. காலிலிருந்து முழ நீளத்துக்கும் மேலான புழு வெளிப்படும் அக்கொடிய நோய், படிக்கிணறுகளிலும் குளங்களிலும் உள்ள நீர்த்தெள்ளை நீரோடு விழுங்குவதாலேயே வந்தது. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும்படி ஊர்தோறும் கற்பித்தனர், கிணறுகளையும் திருத்தினர். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாகச் சான்றளித்தது.

வடிகட்டும் துணி பருத்தியாக இருக்க வேண்டும். ஓட்டையோ கிழிசலோ இருத்தலாகாது. மடித்த துணியின் ஒரு புறத்தில் ஒரு தையல் இட்டு அடையாளம் செய்து, எப்பொழுதும் அப்புறமே மேலாக வருமாறு கட்டுதல் நன்று. இல்லையேல் நேற்றுத் தடுத்த அழுக்கை இன்று நாமே குடத்துக்குள் கழுவி விடுவோம். வேலை முடிந்ததும் துணியை வடிகட்டிய நீரில் அலசி வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.

ஆனால் துணி செய்யும் வேலை எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். 48 விழுக்காடு குறைந்தது என்றால் 52 விழுக்காடு எஞ்சியது என்பதே பொருள். பூச்சியின் மேல் ஒட்டாமல் தனித்துத் திரியும் கிருமி ஓரிரு மைக்ரான் அளவினது. அது துணியின் கண்ணில் தடையின்றி நுழைந்துவிடும். குடற்காய்ச்சல் கிருமியும் அவ்வாறே. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் வைரஸ் அதனினும் மிகச் சிறியது. எனவே துணியை முதற்படி என்று கொள்க. முழுக் காவல் என்று கொள்ளற்க.

கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைப்பது நம் முன்னோர் கண்ட வழி. படிகாரமும், அரைத்த முருங்கை விதையும் அவ்வாறே மண்ணைத் திரட்டி அடியில் படிய வைக்கும். மண்ணோடு கிருமிகளும் ஓரளவு படியும். எனினும் தெளிவித்த நீரையும் மேற்கொண்டு சுத்தம் செய்தே பருக வேண்டும்.

கிருமிகளைக் கொல்வதற்குக் காய்ச்சுவதே எல்லோருக்கும் எளிய வழி. இதைப் பற்றியும் தவறான கருத்துகள் சில உண்டு. பத்து நிமிடம், இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்று எண்ணி, விறகுக்கும் எரிவாயுவுக்கும் அஞ்சி இம்முறையையே கைவிடுவோர் பலர். அவ்வளவு நேரம் தேவையில்லை. நோய் தரும் கிருமிகள் நீர் கொதிநிலையை அடையுமுன்னரே மடியத் தொடங்குகின்றன. நீர் தளதளவென்று புரண்டு கொதித்த பின்னர் ஒரு நிமிடம் விட்டால் போதும். உதகமண்டலம் போன்று 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாதலால் மூன்று நிமிடம் வேண்டும். வெதுவெதுப்பாகச் சுட வைத்து இறக்குவது மட்டும் பயனற்றது. குளிக்கவும் துவைக்கவும் உள்ள நீரைக் காய்ச்ச வேண்டுவதில்லை. குடிக்கும் நீர், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீர், மோரில் சேர்க்கும் நீர், வாய் கொப்பளிக்கும் நீர் இவை போதும். பழைய சோற்றில் ஊற்றும் நீரைப் பலரும் மறந்துவிடுகின்றனர், அதுவும் குடிநீரே.

காய்ச்சிய நீர் சப்பென்று இருக்கிறது என்று முதியோர் குறை கூறுவர். நீரில் கரைந்திருந்த காற்று கொதியில் வெளியேறிவிடுவதே காரணம். இரவில் காய்ச்சி மூடி வைத்தால் காலைக்குள் குளிர்ச்சியும் சுவையும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

காய்ச்சுவதைவிடக் காய்ச்சிய பின் காப்பதிலேதான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன என்பது நம் கருத்து. கொதித்த நீரில் கிருமி இல்லை. ஆனால் புதிதாக விழும் கிருமியைக் கொல்லும் ஆற்றலும் அதில் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி, கழுவாத குடத்தில் ஊற்றி, மூடாமல் வைத்து, வருவோரெல்லாம் விரல் நனையச் சொம்பை உள்ளே விட்டு மொண்டால், செலவிட்ட விறகு வீண். காய்ச்சிய பாத்திரத்திலேயே ஆற விடுதல் சிறந்தது. வேறு பாத்திரம் வேண்டுமாயின், அதைத் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் விட்டுக் குலுக்கிக் கொள்க. வாய் குறுகிய குடம் நன்று; குழாய் பொருத்திய பானை அதனினும் நன்று. அகன்ற பானையே உள்ளதெனில் நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே சுவரில் மாட்டி வைக்கலாம். மலங்கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிய பின்னும் சோப்பிட்டுக் கை கழுவாத வீட்டில் எந்தப் பானையும் நெடுநேரம் சுத்தமாயிராது.

எரிபொருள் இல்லாதபோது வெயிலையும் பயன்படுத்தலாம். நிறமற்ற, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி மூடி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைத்தால் கிருமிகள் மடியும். வானம் மூடியிருப்பின் இரண்டு நாள் வேண்டும். அடைமழையில் இது உதவாது. குளோரின் மாத்திரை கிடைக்குமிடத்தில் உறையில் கூறிய அளவில் இட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பருகலாம். கலங்கல் நீரில் குளோரின் ஆற்றல் விரயமாகும். வடிகட்டிய பின்னரே இட வேண்டும்.

இனி, தீயும் துணியும் வெல்ல முடியாத நஞ்சுகள் சில உள்ளன. சாயக் கழிவு, உப்பு, உர நைட்ரேட், பூச்சிமருந்து, புளோரைடு ஆகியவை காய்ச்சினால் போவன அல்ல. நீர் ஆவியாகக் குறையுமாதலால் எஞ்சிய நீரில் அவை சற்றே செறியவும் செய்யும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து கரையோரக் கிணறுகள் கெட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டதையும் அங்கத்தினர் அறிவர். தருமபுரிப் பகுதியில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர நேர்ந்தது. இத்தகைய இடங்களில் நீரைச் சோதனைச்சாலையில் பரிசோதித்து, வேறு நீர் தேடுவதே வழி. சாயம் காய்ச்சிய அண்டா எவ்வளவு கழுவினும் குடிநீருக்கு ஆகாது. பூச்சிமருந்து வந்த டப்பாவை வயலுக்கு நீர் கொண்டுசெல்லப் பயன்படுத்தும் வழக்கம் இன்றே ஒழிய வேண்டும். அது சேமிப்பு அன்று, கொலை.

பல வீடுகள் ஒரே கிணற்றை நம்பியிருந்தால் கிணற்றையே சுத்தம் செய்வது சிக்கனம். நூல் வெளுக்கக் கையாளும் பிளீச்சிங் பவுடரே இதற்கும் மருந்து. திறந்து கிடந்த தூள் வலுவிழந்திருக்கும். மூடியிருந்த புதுத் தூளே வேண்டும். கிணற்றின் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். அளவுகள் மீட்டரில் இருத்தல் வேண்டும். குறுக்களவு 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர் எனில் 28,260 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் ஏறத்தாழ 70 கிராம் தூள் தேவை. அதை ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுக. அடியில் படியும் சுண்ணாம்பு கிணற்றில் விழலாகாது. விழுந்தால் நீர் கடினமாகும். தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் இறுத்து, அவ்வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, பலமுறை மேலும் கீழுமாக இழுத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது எவரும் நீர் இறைத்தலாகாது. ஊரார் கடைசிக் குடம் எடுத்த பிறகு இரவில் செய்தால் எவருக்கும் இடையூறில்லை. வாந்திபேதி பரவும் நாட்களில் இதை நாள்தோறும் செய்ய வேண்டும். காலையில் முதற்குடத்தில் மெல்லிய மருந்து வாடை வீசினால் அஞ்ச வேண்டுவதில்லை. மருந்து இன்னும் நீரில் நின்று காவல் புரிகின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.