வெள்ளையணுவுக்குள் ஒரு வெளிச்சம்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தது. "நியூட்ரோஃபில் 62 சதவீதம், லிம்ஃபோசைட் 30 சதவீதம்" என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை அணுக்கள் இருக்கு என்று போட்டிருக்காங்க அப்பா. அதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தது என்று போடலையே?" என்றாள். சிறிய கேள்விதான். ஆனால் விடை தேடி விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். அந்த உழைப்பில் நாம் வாழும் கொல்கத்தா நகரத்துக்கும் பங்கு உண்டு.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு ஓர் உதாரணம். பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோயில், குழந்தையின் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை. அவை கிருமியை விழுங்கவும் செய்யும். ஆனால் விழுங்கிய கிருமியைக் கொல்லத் தேவையான, வீரியமுள்ள ஆக்சிஜன் சேர்மங்களை அவற்றால் தயாரிக்க முடியாது. அதனால் அந்தக் குழந்தைக்குச் சீழ்க்கட்டியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வரும்.

இதைக் கண்டுபிடிக்க 1960களில் ஓர் எளிய சோதனை வந்தது. உயிருள்ள நியூட்ரோஃபில்களுடன் வெளிர்மஞ்சள் நிறமுள்ள ஒரு சாயத்தைச் சேர்ப்பார்கள். நல்ல அணு அதை அடர்நீலத் துகள்களாக மாற்றிவிடும். குறையுள்ள அணுவில் நீலம் தோன்றாது. சாதாரண நுண்ணோக்கியிலேயே இந்த வித்தியாசம் தெரியும். அணு செய்யும் வேலையைப் பார்ப்பதால் என்ன பயன் என்பதற்கு இது ஒன்றே போதும்.

உயிருள்ள அணுவைப் பார்ப்பதில் என்ன சிரமம்?

நியூட்ரோஃபிலின் குறுக்களவு 12 முதல் 15 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அணுவின் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே ஒளி தடையின்றி ஊடுருவிப் போய்விடும். கண்ணுக்கு ஏதும் புலப்படாது. பரிசோதனைக் கூடங்களில் லீஷ்மன் சாயம் ஏற்றுவது இதற்காகத்தான். ஆனால் அந்தச் சாயம் கரைந்திருக்கும் மெத்தில் ஆல்கஹால் பட்டதும் அணு இறந்துவிடும். நாம் பார்ப்பது அதன் கடைசி நிலையை மட்டுமே.

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் எலி மெச்னிகாஃப் இந்தச் சிரமத்துக்கு ஒரு வழி கண்டார். கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திரமீனின் இளம்பருவ உயிரிகளில் முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடியிருந்தன. உடலைக் காக்கும் விழுங்கணுக்களைப் பற்றிய அறிவு இங்கிருந்து வளர்ந்தது. 1908-ல் பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒளி அணுவின் ஊடே போகும்போது சற்றே தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை வெளிச்சமும் நிழலுமாக மாற்றிக் காட்டும் நுண்ணோக்கியை 1930களில் உருவாக்கியவர் டச்சு விஞ்ஞானி ஃபிரிட்ஸ் செர்னிகே. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளையணு ஊர்வதையும் கிருமியைத் துரத்துவதையும் சாயமின்றிப் பார்க்க முடிந்தது. ஆனால் உருவம் தெரிந்ததே தவிர, உள்ளே இருக்கும் பொருள் இன்னதென்று தெரியவில்லை.

ஒளிரும் சாயம்

ஓய்வாக இருக்கும் ஒரு லிம்ஃபோசைட்டின் உள்ளே கால்சியம் மிகக் குறைவு. வெளியே ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகம். பகையை அடையாளம் கண்டதும் அணு தன் வாயில்களைத் திறக்கும். உள்ளே கால்சியம் சுமார் பத்து மடங்கு உயரும். 1985-ல் ரோஜர் சியென் குழுவினர் வெளியிட்ட ஃபுரா-2 என்ற சாயம், இந்த ஏற்றத்தை உயிருள்ள அணுவிலேயே அளக்க உதவியது. 340, 380 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரு புற ஊதாக் கதிர்களை மாறி மாறிப் பாய்ச்சி, சாயம் தரும் ஒளிகளின் விகிதத்தைப் பார்த்தால் கால்சியத்தின் அளவு தெரியும்.

குறையும் உண்டு. அந்தச் சாயம் தானே கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கதிர் பட்டுப் பட்டு மங்குகிறது. கால்சியத்தைத் தவிர வேறு எதையும் அது சொல்லாது.

பவ்பஜார் தெருவிலிருந்து

சாயமே இல்லாமல் பொருளை அடையாளம் காணும் வழி 1928 பிப்ரவரி 28 அன்று நம் நகரத்தில் தெரிந்தது. திருச்சியில் பிறந்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து, அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் சர் சி. வி. ராமன். அவர் கே. எஸ். கிருஷ்ணனுடன் 210, பவ்பஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கண்டது இதுதான்: ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளி விழுந்தால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது.

காரணம் என்ன? மூலக்கூறில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் வில்சுருள் போல அதிர்பவை. ஒளி தன் சக்தியில் ஒரு பங்கை அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வெளியேறுகிறது. எவ்வளவு கொடுத்தது என்பது பிணைப்புக்குப் பிணைப்பு வேறுபடும். திரைக்குப் பின்னால் வாசித்தாலும் வீணை, மிருதங்கம் என்று நாதத்தை வைத்துச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். நிறமாலையில் அலை எண் 785-ஐ ஒட்டி வரும் கோடு நியூக்ளிக் அமிலங்களையும், 1004-ல் வருவது புரதத்தையும், 2850-ல் வருவது முக்கியமாகக் கொழுப்பையும் காட்டிக்கொடுக்கும்.

1990-ல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த புப்பல்ஸ் குழுவினர், லேசரையும் நுண்ணோக்கியையும் இணைத்து, உயிருள்ள தனி அணு ஒன்றின் ராமன் நிறமாலையை எடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மனித வெள்ளையணு! நீலப்பச்சை லேசர் அணுவைக் கெடுத்தது. 660 நானோமீட்டர் சிவப்பு லேசரில் அணு தாக்குப்பிடித்தது. ஆனால் ஒளி சிவப்பாக ஆக, சிதறலும் குறையும். இந்தத் துறையில் எப்போதும் உள்ள இழுபறி இது.

2018-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விழுங்கணுக்களுக்குப் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைக் கொடுத்துத் தூண்டினார்கள். ராமன் நிறமாலையையும், ஒளியின் தாமதத்தை அளந்து எடுத்த படத்தையும் சேர்த்துக் கணினிக்குப் பழக்கினார்கள். தூண்டப்பட்ட அணு எது, ஓய்வில் இருப்பது எது என்று ஒவ்வோர் அணுவாகப் பிரித்தறிய முடிந்தது, சாயம் ஏதுமின்றி.

மிச்சமிருக்கும் வேலை

சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கே நிறம் மாறுகிறது. அதைச் சேகரிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் அணு நகர்ந்துவிடும். லேசரின் வலிமையைக் கூட்டினால் அணு நோகும். ஆகவே நம் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்துக்கு இக்கருவி இன்னும் வந்து சேரவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது, "அப்போ, அறிக்கையில் இன்னொரு வரி போட இடம் விட்டு வைக்கணும்" என்றாள். அந்த வரியை எழுதப்போவது அவள் வயதுப் பிள்ளைகள்தான். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று உங்கள் பிள்ளைகளைப் பவ்பஜார் பக்கம் அழைத்துப்போய், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.