கிணற்றடிப்பூண்டும் தம்பியின் காலும்

சென்ற விடுமுறையில் நயினாதீவில் உம்மம்மா வீட்டில் நின்றோம். கடற்கரையில் விளையாடிய தம்பியின் உள்ளங்காலைச் சிப்பி ஓடு வெட்டிவிட்டது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம். உம்மம்மா கிணற்றடியில் ஒரு பிடி இலை பிடுங்கிக் கழுவி, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்தார். சக்கையையும் வைத்துப் பெருவிரலால் அமர்த்திப் பிடித்தார். தம்பி போட்ட கூச்சலில் அயல்வீடெல்லாம் கூடிவிட்டது. சிறிது நேரத்தில் குருதி நின்றது.

அந்த இலைதான் கிணற்றடிப்பூண்டு. வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்வர். தாவரவியலில் திரைடாக்ஸ் புறொக்கம்பென்ஸ். நம் ஊர்ப் பூண்டென்று நாம் நினைக்கும் இதன் தாயகம் வெப்பவலய அமெரிக்கா! எங்கிருந்தோ வந்த செடியை நம் மூதாட்டிகள் பார்த்துப் பழகியே மருந்தாக்கியிருக்கிறார்கள். எலிகளில் செய்த ஆய்வுகளிலும் இதன் சாறு காயம் ஆற உதவியதாகக் கண்டுள்ளனர்.

ஆனால் உயிரியல் படிப்பவளுக்கு ஒரு சந்தேகம். குருதியை நிறுத்தியது இலையா, உம்மம்மாவின் பெருவிரலா? காயத்தை விடாமல் அமர்த்தினாலே குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர்ந்து அடைத்துக்கொள்ளும். பின்னர் பைபிரின் இழைகள் வலைபோலப் படரும். சிறு காயத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். என் கணக்கில் பெருவிரலுக்கே பாதிக்கு மேல் புள்ளி. உம்மம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அயலில் ஒருவர் கோப்பித்தூளும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தார். நான் மறித்தேன். “உஹதில் பாத்திமா நாயகி சாம்பல் வைக்கவில்லையா பிள்ளை?” என்றார். உண்மைதான். நபி (ஸல்) அவர்களின் முகக் காயத்தை முதலில் தண்ணீரால் கழுவினார்கள். குருதி அடங்காததால் பாய்த்துண்டொன்றை எரித்து அந்தச் சாம்பலை வைத்தார்கள் என்று புஹாரியில் வருகிறது. அப்போதே எரித்த சாம்பல் அது. நெருப்பில் கிருமி தங்காது. சாம்பல் ஈரத்தையும் உறிஞ்சும். அடுப்பு மூலையில் நாட்கணக்கில் கிடந்து, கோழி கிளறிய சாம்பல் வேறு. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் இருக்கும். அவை காயத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இலையும் மண்ணிலே படர்வதுதான் என்பதால், காலையில் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வைத்தியசாலையில் ஏற்பு ஊசி போடுவித்தோம். உம்மம்மாவும் கூடவே வந்தார்.

தோழியரே, இந்தப் பூண்டை அடையாளம் காண்பது எளிது. நிலத்தோடு படரும்; இலை பல்விளிம்புடன் சொரசொரப்பாக இருக்கும். நீண்ட காம்பின் நுனியில் மூக்குத்திபோல ஒரு பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெண்ணிறம்.