கம்ப்யூட்டர் கட்டினேன், எர்த் கற்றேன்!



“கம்ப்யூட்டரை நாமளே செய்ய முடியுமா?” என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. முடியும். சிப்பை நாம் செய்வதில்லை. பாகங்களை வாங்கி ஒன்று சேர்க்கிறோம், அவ்வளவுதான். 1981ல் ஐபிஎம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டர் பிற கம்பெனிப் பாகங்களும் சேரும்படி இருந்தது. 1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைத் தந்தது. அதனால்தான் யாரோ செய்த போர்டு வேறு யாரோ செய்த கேபினெட்டில் ஸ்குரூ துளை மாறாமல் உட்காருகிறது.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அம்மா சீட்டு எடுத்த 10,000 ரூபாய், லீவில் அப்பாவோடு சித்தாள் வேலை பார்த்த 1,900 ரூபாய் - இதுதான் என் பட்ஜெட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி புதுசு, பாதி செகண்ட் ஹேண்ட் என்று வாங்கினேன்.

பாடம் 1: பொருத்தம் பார்!

கல்யாணத்துக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் வேண்டும். என் பிராசசர் நாலாம் தலைமுறை ஐ5. அதற்கு 1150 சாக்கெட் போர்டுதான் சேரும். அந்த எச்81 போர்டுக்கு டிடிஆர்3 ராம். அதற்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட், வெட்டுப்பள்ளமும் வேறு இடத்தில். போகாததை அழுத்தாதீர்கள். போர்டைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டு, உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

பாடம் 2: ஊகிக்காதே, வரிசையாகச் சோதி!

சுவிட்ச் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. “என்னடா, எரியலையா?” என்றார் அம்மா. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ராமைக் கழற்றி மாட்டினேன், பலனில்லை. பிறகு லேபில் சொன்னபடி மின்சாரத்திலிருந்து ஆரம்பித்தேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே எடுத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஓடவிட்டு, மல்டிமீட்டர் வைத்தேன். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட், எல்லாம் சரி. அப்புறம்தான் போர்டைப் பார்த்தேன். 24 பின் கனெக்டரை மாட்டியவன், பிராசசருக்கு 12 வோல்ட் தரும் 4 பின் கனெக்டரை மறந்திருக்கிறேன்! மாட்டியதும் படம் வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230ஐ ரூட் 2ஆல் பெருக்குங்கள். உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும்.)

பாடம் 3: மூணாவது துளையை நம்பாதே!

மறுநாள் தங்கச்சி வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டு, “அண்ணே, சுரீர்ங்குது!” என்று கத்தினாள். பயந்துவிட்டேன். தெரிந்த வயர்மேன் அண்ணன் வந்து பார்த்தார். பிளக் பாயின்ட்டில் எர்த் துளை இருக்கிறது, பின்னால் வயரே இல்லை!

காரணம் இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் பாடிக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பாடியில் பாதி மின்னழுத்தம், சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு போயிற்று. உள்ளே இன்சுலேஷன் கெட்டு ஃபேஸே பாடியில் பட்டிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

அப்பாவிடம் சொன்னேன். “நீ படிச்சதைச் சொல்லு தம்பி, நான் தோண்டுறேன்” என்றார். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி. பாடப் புத்தகத்தில் பார்த்த படத்தை அப்பா மண்ணில் வரைந்தார்! வயர்மேன் அண்ணன் இணைப்புக் கொடுத்தார். ஆர்சிசிபியும் போடச் சொல்லியிருக்கிறார்; அடுத்த சீட்டுப் பணம் அதற்குத்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் என் பிராசசர் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதனால் இலவச லினக்ஸ் மின்ட் போட்டேன். சி புரோகிராமும் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதிலேயே நடக்கின்றன.

இப்போதெல்லாம் அப்பா வேலைக்குப் போகும் வீடுகளில், “எர்த் குழி எங்கே சார்?” என்று கேட்கிறாராம். 11,900 ரூபாய்க்கு நான் பெற்ற பெரிய லாபம் அதுதான்.

உங்கள் வீட்டுப் பிளக் பாயின்ட்டையும் வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள் நண்பர்களே!

- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை