இன்டர்லோக்கை வீட்டில் படிக்கலாமா?

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகன் 'இன்டர்லோக்' நாவலைக் கேட்கிறான். பள்ளியில் நீக்கிய நூலை வீட்டில் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பீடோங்

தாராளமாகக் கொடுங்கள், சகோதரி. நம்மவர் எதிர்ப்புக்குப் பிறகு 2011 இறுதியில் அதைப் பாடநூல் பட்டியலிலிருந்து மட்டுமே நீக்கினார்கள். வீட்டில் படிக்கத் தடையில்லை. 1971இல் வெளிவந்த அந்நாவலை எழுதிய அப்துல்லா ஹுசேன் உங்கள் பக்கத்து யான் வட்டாரத்தில் பிறந்தவர்தான்.

நாவலின் இந்தியப் பாத்திரமான மணியத்தின் பகுதி வரும்போது மட்டும் மகனோடு உட்காருங்கள். கப்பலில் வந்த நம் மக்களைச் சாதிப்பெயர் சொல்லிக் குறிக்கும் இடம் வலிக்கும், எனக்கும் வலித்தது. அதை மறைக்காதீர்கள். வீட்டில் பால்மரம் வெட்டிய பாட்டி இருந்தால், அவர் சொல்லும் லயத்துக் கதையை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.