வீட்டுவேலையும் பிள்ளை விளையாட்டும்: தாய்மாருக்கு ஒரு பாடம்

வேதபாகம்: நீதிமொழிகள் 31:10-31, சகரியா 8:1-9



சகோதரிகள் கூடுகை முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் வாலிபத் தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன். ராத்திரி பத்து மணி வரைக்கும் கை ஓயல. ஆனாலும் வீடு வீடா இல்ல. எடுத்த தையல் பாதியில கிடக்கு. பிள்ளை, விளையாட வாம்மான்னு முந்தானையைப் பிடிச்சு இழுக்குது. நான் எதைத்தான் பார்க்கிறது?"

இந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று யாரும் தள்ளிவிடக்கூடாது. அநேக தாய்மார் இதற்குப் பதில் தெரியாமல் கண்ணீரோடு படுக்கைக்குப் போகிறார்கள். அந்தக் களைப்பும் எரிச்சலும் அடுத்த நாள் காலையில் பிள்ளையின் முதுகில் அடியாய் விழுகிறது. ஆகையால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். நானும் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்தான். என் வீட்டில் கைகொடுத்த காரியங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. குணசாலியான ஸ்திரீயை ஒரே நாளில் அடைக்காதீர்கள்

நீதிமொழிகள் 31-ஐ வாசித்துவிட்டு, "என்னால இவங்கள மாதிரி ஆக முடியாதுக்கா" என்று சோர்ந்துபோகிற சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்திரீ நூல் நூற்கிறாள், வயல் வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், துணி நெய்து விற்கிறாள், ஏழைக்குக் கொடுக்கிறாள். அத்தனையும் ஒரே நாளிலா நடந்தது? ஆட்டுமயிர் நூலாகி, நூல் துணியாகி, துணி விலைபோக எத்தனை மாதம் ஆகும்! திராட்சச் செடி நட்டால் பலன் எடுக்க வருஷங்கள் ஆகும்.

இந்த 22 வசனங்களும் எபிரெய மொழியில் 22 எழுத்துகளின் வரிசைப்படி ஒவ்வொன்றாய்த் தொடங்குகின்றன. நம் தமிழில் அ முதல் ஔ வரை ஒரு பாட்டு கட்டினால் எப்படியோ, அப்படி. ஒரு முழு ஆயுசின் புகழ்ச்சி அது. அதைத் தினசரி அட்டவணையாக வாசித்தால் எந்த ஸ்திரீயும் தோற்றுத்தான் போவாள். 15-ம் வசனத்தையும் கவனியுங்கள். அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள்! ஒண்டிக் குடித்தனத்தில், இடுப்பில் ஒரு பிள்ளையும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாய் நிற்கிற சகோதரியே, உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம்.

2. மூன்று வேலைகள், மூன்று குணங்கள்

வீட்டில் தாய்க்கு மூன்று வகையான காரியங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் குணம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

முதலாவது, தினசரி வேலை. பாத்திரம், துணி, பெருக்குதல், சமையல். இதற்கு முடிவே கிடையாது. கழுவி வைத்த டம்ளரில் அடுத்த அரை மணிநேரத்தில் காபி குடித்துவிட்டு வைப்பார்கள். முடிவில்லாத வேலையைப் பார்த்து, "இது முடியட்டும், அப்புறம் வர்றேன்" என்று பிள்ளைக்குச் சொன்னால் அந்த அப்புறம் வரவே வராது. ஆகவே இந்த வேலைக்கு எல்லையைக் கடிகாரம்தான் குறிக்க வேண்டும். பதினொரு மணி என்றால் பதினொரு மணி. மிச்சம் இருப்பது மாலைக்குப் போகட்டும்.

இரண்டாவது, எடுத்து முடிக்கிற வேலை. பிள்ளைக்குக் கவுன் தைப்பது, ஒயர்கூடை பின்னுவது, வடகம் போடுவது, பரண் ஒழிப்பது, கிறிஸ்துமஸுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. இவற்றுக்கு முடிவு உண்டு. ஆனால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் வீடே கலங்கிவிடும். துண்டு துண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தரை மீட்டர் பழைய புடவையில் நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கவுன் தாராளமாய் வெட்டலாம். திங்கட்கிழமை புடவையைத் துவைத்துத் தேய்த்து வையுங்கள். செவ்வாய் வெட்டுங்கள். புதன் பக்கத் தையல், வியாழன் கழுத்து, வெள்ளி மடிப்பும் கொக்கியும். ஒவ்வொரு நாளும் பிள்ளை தூங்குகிற அந்த முக்கால் மணிநேரம் போதும். எல்லாவற்றையும் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டால், ஊசியும் கத்தரிக்கோலும் பிள்ளை கைக்கு எட்டாது.

மூன்றாவது, பிள்ளையோடு விளையாடுவது. இதைத்தான் நாம் கடைசியில் வைக்கிறோம். பாத்திரம் நாளைக்கும் இருக்கும். தையல் ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். மூன்று வயது மட்டும் ஒரே வருஷம்தான் இருக்கும்.

3. கட்டுமான வேலைக்கு நடுவில் ஒரு தெரு

"விளையாட்டெல்லாம் உலகத்துப் பிள்ளைகளுக்கு, நம்ம பிள்ளைங்க வசனம் படிக்கட்டும்" என்று சொல்லுகிற பெரியவர்கள் சபையில் உண்டு. அவர்களுடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் சகரியா 8-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இதற்கு முந்தின அதிகாரம் தரியு ராஜாவின் நாலாம் வருஷத்தைக் குறிப்பிடுகிறது. அதாவது கி.மு. 518. எருசலேமில் ஆலயம் திரும்பக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். மதில் இடிந்து கிடந்தது, ஜனமும் கொஞ்சம். அந்த நேரத்தில் கர்த்தர் தம்முடைய பட்டணத்தைப்பற்றி என்ன காண்பிக்கிறார்? வயோதிபர் கையில் கோலோடு வீதியில் உட்கார்ந்திருப்பதையும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வீதி நிறைய விளையாடுவதையும் காண்பிக்கிறார். அதே அதிகாரத்தின் 9-ம் வசனத்தில் ஆலய வேலைக்காகக் கைகளைத் திடப்படுத்தச் சொல்லுகிறார். வேலையும் உண்டு, விளையாட்டும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விரட்டவில்லை.

நம்முடைய ஆண்டவரும் சந்தைவெளியில் பிள்ளைகள் கலியாண விளையாட்டும் துக்க விளையாட்டும் விளையாடுவதை ஒப்பனையாகச் சொன்னார் (மத்தேயு 11). பிள்ளைகள் விளையாடுவதை நின்று கவனித்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

4. முதலில் பிள்ளையின் பாத்திரத்தை நிரப்புங்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். அநேகர் வேலையை முதலில் வைத்து, மிச்ச நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். நான் மாற்றி வைக்கச் சொல்லுகிறேன். காலைச் சாப்பாடு முடிந்ததும், பாத்திரத்தில் கை வைக்கும் முன்னே, இருபது நிமிஷம் தரையில் உட்காருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். பல்லாங்குழி, கண்ணாமூச்சி, தீப்பெட்டியில் ரயில், பழைய புடவையில் கூடாரம், எதுவானாலும் சரி. என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். இருபது நிமிஷம் தாயை முழுதாய்ப் பெற்ற பிள்ளை, அதன்பின் ஒரு மணிநேரம் தானாக விளையாடும். இதை என் மூன்று பிள்ளைகளிடமும் கண்டேன். அரைகுறையாய்ப் பெற்ற பிள்ளையோ நாள் முழுதும் முந்தானையை விடாது.

அடுத்தது, வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை அழுக்குத் துணியைக் கூடையில் போடும். மூன்று வயதில் சாக்ஸ் ஜோடி சேர்க்கும், உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பிரித்து வைக்கும். நாலு ஐந்து வயதில் தட்டு வைக்கும், பட்டாணி உரிக்கும், பாய் விரிக்கும். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு அதுவும் விளையாட்டே. ஒரு உருண்டை சப்பாத்தி மாவைக் கையில் கொடுத்துப் பாருங்கள்!

இட்லி மாவை மூன்று நாளைக்குச் சேர்த்து ஆட்டுங்கள். காய்கறியை இரவே நறுக்கி வையுங்கள். எல்லாத் துணிக்கும் இஸ்திரி தேவையில்லை. இப்படிச் சேமிக்கிற அரை மணிநேரத்தை இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த ஆலோசனையின்படி, ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு நாளில் மூன்று மணிநேரமாவது ஓடியாடி அசைய வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கு டிவியும் செல்போனும் வேண்டாம் என்றும், இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். போனைக் கொடுத்தால் வேலை ஓடும், பிள்ளை ஓடாது. மொட்டை மாடியோ வாசலோ எது இருக்கிறதோ, மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை அங்கே இறக்கிவிடுங்கள்.

5. வேலை நேரத்தில் ஜாக்கிரதை

வேலை மும்முரத்தில் நடக்கிற விபத்துகள் அநேகம். தண்ணீர் நிற்கிற வாளியைப் பிள்ளை இருக்கும் இடத்தில் விடவே கூடாது. தத்தி நடக்கிற பிள்ளைக்குத் தலை பாரம் அதிகம்; எட்டிப் பார்த்துத் தலைகீழாய் விழுந்தால் தானாக எழும்பாது. சில அங்குலத் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். மண்ணெண்ணெயையும் பினாயிலையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை இருந்தால் பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

6. சூசன்னா வெஸ்லியின் வியாழக்கிழமை

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார் (1669-1742) பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே மரித்தார்கள். 1705-ல் கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1709-ல் வீடு எரிந்துபோனது. இத்தனை பாடுகளுக்கு நடுவிலும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் இன்ன பிள்ளையோடு தனியே பேசுவது என்று பிரித்து வைத்தார். வியாழக்கிழமை ஜான் வெஸ்லியின் முறை. ஜான் பெரியவராகி ஊழியத்தில் இருந்த நாட்களிலும் அந்த வியாழன் மாலையை நினைத்துத் தாய்க்கு எழுதினார்.

அந்த அம்மையாரின் கண்டிப்பு முழுவதையும் நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரம் கொடுக்கிறோம் என்று மொத்தமாய்ச் சொல்லாமல், "இது உன் நேரம்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே கொடுங்கள். இரண்டு பிள்ளை இருந்தால் வாரத்தில் ஆளுக்கு ஒரு மாலை போதும்.

7. சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

இதைச் சகோதரிகள் மட்டும் வாசித்தால் பாதிப் பயன்தான். 2019-ல் நம் நாட்டு அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரி 299 நிமிஷமும், வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டதாகத் தெரிந்தது. ஐந்து மணிநேரம் எங்கே, ஒன்றரை மணிநேரம் எங்கே! உயிர்த்தெழுந்த கர்த்தர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, களைத்து வந்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் (யோவான் 21). அடுப்படி அவருக்கு இழிவாகத் தெரியவில்லை. சகோதரரே, மாலையில் நீங்கள் பாத்திரம் தேய்க்கிற அரை மணிநேரம், உங்கள் பிள்ளைக்குத் தாய் மடியாக மாறும். மாமியார்மாரே, மருமகள் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், "வேலை கிடக்குது, இவ விளையாடுறா" என்று சொல்லாதிருங்கள். அதுவும் ஒரு வேலைதான்.

கடைசியாக, விருந்தாளி வரும்போது வீடு கலைந்து கிடந்தால் வெட்கப்படாதீர்கள். சிறுபிள்ளைகள் இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும். சுத்தம் வேண்டும், சமையற்கட்டும் குடிதண்ணீரும் கக்கூஸும் எப்போதும் சுத்தமாய் இருக்கட்டும். ஆனால் அடுக்கி வைத்த வீடு என்பது வேறு. அதற்குக் காலம் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம், காலேஜ் என்று போனபின் எடுத்த பொருள் எடுத்த இடத்திலேயே இருக்கும்.

சிந்திக்க:

அ. என் தினசரி வேலைக்கு நான் குறிக்கிற கடிகார எல்லை எது?

ஆ. பாதியில் நிற்கிற ஒரு வேலையை ஐந்து துண்டாகப் பிரித்தால், முதல் துண்டு எது?

இ. இந்த வாரம் எந்தப் பிள்ளைக்கு எந்த மாலை?

இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். ஒரு மாதம் செய்துபார்த்து, அடுத்த கூடுகையில் வந்து சாட்சி சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் உங்கள் வாசலில் விளையாடுகிற பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.