மாத்திரை மாறியது, தொல்லையும் மாறியது: ஏன்?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் கண்காணிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு மனநல மருத்துவர் ரிஸ்பெரிடோன் கொடுத்தார். குரல் அடங்கியது. ஆனால் மாதவிலக்கு நின்றுவிட்டது, மார்பில் பால் கசிந்தது. வீட்டுப் பெரியவர்கள் வேறு விதமாகச் சந்தேகப்பட்டு அவளை அழ வைத்துவிட்டார்கள். பிறகு ஓலன்சபைன் கொடுத்தார்கள். மாதவிலக்கு திரும்பியது. இப்போது சாப்பிட்ட கையோடு மறுபடி பசி. ஐந்து மாதத்தில் 11 கிலோ கூடிவிட்டாள். அடுத்து அரிப்பிபிரசோல் தரலாம் என்கிறார் மருத்துவர். ஒரே நோய்க்கான மருந்துகள் ஏன் இப்படி ஆளுக்கொரு தொல்லை கொடுக்கின்றன, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பெரியவர்களின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. சாதாரண நாளில் அதை அடக்கி வைத்திருப்பது டோபமின் என்ற மூளை வேதிப்பொருள். ரிஸ்பெரிடோன், டோபமின் வந்து அமர வேண்டிய டி2 ஏற்பிகளை மறித்துக்கொண்டது. அடக்க ஆளில்லாமல் புரோலாக்டின் ஏறியது. அது ஏறினால் கருமுட்டை முதிர்வதற்கான ஹார்மோன் சமிக்ஞைகள் குறையும், மாதவிலக்கும் நிற்கும். ரத்தத்தில் புரோலாக்டின் அளவைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மருத்துவர் கர்ப்பப் பரிசோதனையும் எழுதியிருக்கலாம். அது வழக்கமான நடைமுறை, யார்மீதும் வைக்கும் பழி அல்ல. வீட்டில் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பெண் தன் வாயால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. 1952இல் பாரிஸ் சாந்த்-ஆன் மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் இந்த வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1970களில்தான் விடை கிடைத்தது. டி2 ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ, அவ்வளவு குறைந்த அளவிலேயே மருந்து நோயை அடக்குகிறது. சிக்கல் என்னவென்றால், டோபமின் மூளையில் ஒரே இடத்தில் மட்டும் வேலை பார்ப்பதில்லை. ஒரு பாதையில் அது மிஞ்சிப்போவதால் குரலும் சந்தேகமும் வருகின்றன. இன்னொரு பாதை கைகால் அசைவைச் சீராக்குகிறது. மற்றொன்று பிட்யூட்டரிக்குப் போகிறது. ஒழுகும் ஒரு குழாய்க்காக மாடித் தொட்டியின் வால்வையே மூடினால் வீட்டில் எல்லாக் குழாயும் வற்றும் அல்லவா, அதே கதைதான். பழைய மருந்தான ஹாலோபெரிடால் சாப்பிட்டவர்களுக்குக் கை நடுங்குவதும் முகம் உணர்ச்சியற்று விறைப்பதும் இதனால்தான்.

மூளையை ஸ்கேன் செய்து இந்தக் கணக்கைப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். டொரண்டோ ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஹாலோபெரிடால் ஆய்வில், டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டபோது நோய் தணியும் வாய்ப்பு கூடியது. 72ஐத் தாண்டினால் புரோலாக்டின் ஏறியது. 78ஐத் தாண்டினால் நடுக்கமும் விறைப்பும் வந்தன. இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். 'குணம் தெரியவில்லை, மாத்திரையை இரட்டிப்பாக்குங்கள்' என்று கேட்கும் குடும்பங்களுக்கு நான் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வது இதனால்தான். மேலே போகப் போக நன்மை அதே அளவு கூடுவதில்லை, தொல்லை கூடுகிறது.

ஓலன்சபைன் டி2ஐ மட்டும் பிடிப்பதில்லை. ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியையும், செரோடோனினின் 2சி ஏற்பியையும் சேர்த்து மறிக்கிறது. 'வயிறு நிறைந்தது, போதும்' என்ற உணர்வில் இரண்டுக்கும் பங்குண்டு. எச்1 அடைபட்டால் தூக்கமும் வரும். சளி மாத்திரை போட்டால் கண் சொக்குகிறதே, அதே ஏற்பிதான். ஆகவே உங்கள் தங்கை நாக்கை அடக்கத் தெரியாதவள் அல்ல, பசி உண்மையானது. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்க்கச் சொல்லுங்கள். எடை ஏறுவதைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

சில மருந்துகளில் எழுந்து நின்றால் தலை சுற்றும், ரத்தக் குழாயை இறுக்கும் ஆல்பா ஏற்பி அடைபடுவதால். வாய் உலர்வதும் மலச்சிக்கலும் மஸ்கரினிக் ஏற்பி அடைபடுவதால். விறைப்புக்காகக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடிலும் மஸ்கரினிக்கைத்தான் மறிக்கிறது. ஒரு தொல்லைக்கு மருந்து, அந்த மருந்துக்கு ஒரு தொல்லை.

எல்லாவற்றையும் ஏற்பிக் கணக்கில் அடைத்துவிட முடியாது. குளோசபைன் டி2ஐ லேசாகத்தான் பிடிக்கிறது, விறைப்பு அரிது, வேறெதற்கும் மசியாத நோயிலும் வேலை செய்கிறது. ஆனால் சிலருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் உயிர்கள் போனது அதனால்தான். இதை எந்த ஏற்பியும் விளக்குவதில்லை. ஆகவே அந்த மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது.

அரிப்பிபிரசோல் வேறு ரகம். டி2வில் அமர்ந்து முழுதாக மூடாமல், கொஞ்சம் தூண்டியும் விடுகிறது. எனவே புரோலாக்டின் பொதுவாக ஏறுவதில்லை, ஓலன்சபைன் அளவுக்கு எடையும் கூடுவதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம். கால் ஆடிக்கொண்டே இருக்கும், இருப்புக் கொள்ளாது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அப்படி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓலன்சபைனை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றொன்றை ஏற்றுவதுதான் வழக்கம், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த நாட்களில் தூக்கம் கொஞ்சம் கெடலாம். குரல் மறுபடி கேட்கிறதா என்றும் அவளிடமே அவ்வப்போது விசாரியுங்கள்.