இளங்குழந்தைக்கு இரும்புச் சத்து

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் இளந்தளிர் மஞ்சளாக வெளுத்தால், விவசாயி அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார். அம்மண்ணில் இரும்பு உண்டு. செடியால்தான் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. வீட்டிலுள்ள இளங்குழந்தைக்கும் இக்குறைவு நேரக்கூடும்.

அறிகுறிகள்

கீழிமையின் உட்புறம் வெளுத்தல், சோர்வு, பசியின்மை, மண் தின்னுதல் ஆகியவை இரத்தச்சோகையின் அறிகுறிகளாகும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இக்குறை காணப்பட்டது. மூளை வளரும் பருவத்தில் நேரும் இரும்புக் குறைவின் பாதிப்பு, பின்னர் முழுதும் நீங்காமற் போகலாம்.

தேவை எவ்வளவு?

தாயிடமிருந்து பெற்ற இரும்பின் இருப்பு சுமார் 6 மாதத்தில் குறைந்துவிடும். அதன்பின் தாய்ப்பாலுடன் இணையுணவும் தேவை. 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 100 கிராம் தீட்டிய அரிசியில் இருப்பது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் சுமார் 6 மில்லிகிராம். பசும்பாலிலும் இரும்பு மிகக் குறைவே. ஆகவே பால் சோறு மட்டும் போதாது.

கம்பு - பயறு மாவு

கம்பு 2 பங்கு, பாசிப்பயறு 1 பங்கு எடுத்து, தனித்தனியே ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் முளைகட்ட வேண்டும். பின் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, அரைத்துச் சலிக்கவும். முளைகட்டுவதால் இரும்பு உடலில் எளிதில் சேரும். நாளொன்றுக்கு 30 கிராம் மாவைக் கூழாகக் காய்ச்சி, வேகவைத்து மசித்த முருங்கைக்கீரை சேர்த்து, இறக்கியபின் சில துளி எலுமிச்சைச் சாறு பிழியவும். புளிப்பிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். காப்பி, தேநீர் அதைத் தடுக்கும், குழந்தைக்குக் கொடுக்கலாகாது.

இக்கூழ் தேவையில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். எஞ்சியதற்கு மசித்த பருப்பு, கீரை, முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றை வசதிக்கேற்பத் தரலாம்.

கவனிக்க

6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச் சத்து மருந்து தரும் அரசுத் திட்டம் உண்டு. கிராம சுகாதார செவிலியரை அணுகவும். குடற்புழு நீக்க மருந்தும் அவசியம். தெளிப்புக்கு வாங்கிய அன்னபேதியையோ, பெரியவர்களின் இரும்பு மாத்திரையையோ குழந்தைக்கு ஒருபோதும் தரலாகாது, கைக்கெட்டாமல் வைக்கவும்.

ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 8 கிலோ கம்பும் 4 கிலோ பயறும் போதும். விளைந்ததை மூட்டை கட்டி விற்குமுன், விதைக்கு ஒதுக்குவதுபோல் இதையும் ஒதுக்கிவைத்தல் விவசாயப் பெருமக்களின் கடமையாகும்.